பாயலாமா, நிக்கலாமா? காலாட்படை வைத்து ஒரு பஞ்சாயத்து

டிஸ்கி: இது கம்ப்யூட்டர் கேம் பற்றிய பதிவு. "உனக்கு வேற வேலையே இல்லையா?" கோஷ்டி இப்படியே எஸ்கேப் ஆகிடலாம். ஆனா நடுவுல சீசர், பாம்பி எல்லாம் வர்றாங்க. கொஞ்சம் உட்கார்ந்து படிச்சா நஷ்டம் இல்லை :-)

இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஹாஸ்டல்ல என்கிட்ட இருந்தது அண்ணன் பயன்படுத்தி ஓய்ந்துபோன ஒரு லேப்டாப். புது கேம் எதைப் போட்டாலும் இட்லி சட்டி மாதிரி கொதிக்கும். அதுல ஒழுங்கா ஓடின ஒரே நல்ல கேம் 2004-ல வந்த 'ரோம்: டோட்டல் வார்'. நானும் ரூம் மேட்டும் (மதுரைக்காரன்) பரீட்சைக்குப் படிக்கிற நேரம் போக மிச்ச நேரம் எல்லாம், அதாவது பெரும்பாலான நேரம், லேன் கேபிள் போட்டு ரோமாபுரியைக் கட்டி ஆண்டுகிட்டு இருந்தோம்.

அதுல கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடும்போது நான் பெரிய அப்பாடக்கர். தோத்ததே கிடையாது. என் ஃபார்முலா ரொம்ப சிம்பிள். ஒரு மேட்டைப் பிடி. காலாட்படையை ஒரே வரிசையா நிறுத்து. கார்டு மோடு போடு. எதிரி வரட்டும், வந்து முட்டட்டும், களைக்கட்டும். அப்புறம் குதிரையைப் பின்பக்கம் அனுப்பு. முடிஞ்சது கதை. இதையே நாற்பது ஐம்பது தடவை செஞ்சு ஜெயிச்சுட்டு, எனக்குப் போர்த்தந்திரம் எல்லாம் தண்ணி பட்ட பாடுன்னு ஒரு நினைப்பு.

ஒரு சனிக்கிழமை மதுரைக்காரன் "வா மச்சி, ஒரு கை பார்த்துடலாம்"னான். நான் ரோமன் படை. அவன் எகிப்து. வழக்கம்போல மேட்டுல ஏறி நின்னேன். அவன் வரலை. என் ஆட்கள் எறியிற ஈட்டி எட்டாத தூரத்துல நின்னுகிட்டு, வில்லாளிகளை முன்னாடி விட்டு அடிக்க ஆரம்பிச்சான். நான் நின்னேன். அம்பு வந்துகிட்டே இருந்தது. நான் நின்னுகிட்டே இருந்தேன். "டேய், வாடா"ன்னு கத்தினேன். அவன் சாவகாசமா முறுக்கு கடிச்சுகிட்டு இருந்தான்.

கால்வாசி ஆள் காலியான பிறகு எனக்கு ரோஷம் வந்துடுச்சு. மொத்தப் படையையும் செலக்ட் பண்ணி டபுள் கிளிக். எல்லாரும் ஓடினாங்க. மைதானம் முழுக்க ஓடினாங்க. போய்ச் சேரும்போது பாதிப் பேருக்கு மூச்சு வாங்குது. வில்லாளிங்க நைசா பின்னாடி நழுவ, அவங்க பின்னாடி நைல் ஈட்டி வீரர்கள் அலுங்காம குலுங்காம புத்தம் புதுசா நிக்கறாங்க. பக்கவாட்டுல குதிரை. மூணு நிமிஷத்துல என் ரோமாபுரி சாம்பல்.

"நீ நிக்க வேண்டிய நேரத்துல ஓடினே, ஓட வேண்டிய நேரத்துல நின்னேடா"ன்னான். அப்போ கடுப்பா இருந்தது. இத்தனை வருஷம் கழிச்சு யோசிச்சா, ஸ்ட்ராடஜி கேம் பத்தி எனக்குக் கிடைச்ச உருப்படியான விமர்சனம் அது ஒண்ணுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்த தப்புப் பாடம்

கேம் ஆடுறவங்ககிட்ட கேட்டா பத்துல எட்டு பேர் சொல்ற பதில்: "காலாட்படைன்னா நிக்க வைக்கணும், குதிரைன்னா பாய விடணும்." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த விதி ஏன் வேலை செய்யுதுன்னு யோசிச்சிருக்கோமா? கம்ப்யூட்டர் எப்பவும் நம்மைத் தேடி வந்து முட்டுது. அதுதான் காரணம். அதுக்குப் பொறுமை கிடையாது. நம்ம மேட்டைப் பார்த்து "இது சரியில்லையே"ன்னு யோசிக்கிறதும் பெரும்பாலும் கிடையாது. பாதி தூரத்துலயே மூச்சு வாங்க, வரிசை கலைஞ்சு, துண்டு துண்டா வந்து சேரும். அப்படி ஒருத்தன் எதிரியா இருந்தா நிக்கிறது சரிதான். வேற எதுவும் செய்யத் தேவையே இல்லை.

பிரச்சினை, இதை நாம "நின்னா ஜெயிக்கலாம்"னு மொழிபெயர்த்துக்கறோம். உண்மையான வாக்கியம் "எதிரி கண்டிப்பா வருவான்னா, நின்னா ஜெயிக்கலாம்". அந்த முன்பாதியை வெட்டிட்டா மிச்சம் வெறும் பயம்தான். நான் பண்ணினது அதுதான்.

பாய்ச்சல்னா என்ன?

டோட்டல் வார் மாதிரி கேம்ல பாய்ச்சல்ங்கிறது ஒரு கடன். ஓடி வந்து முட்டுற அந்தச் சில நொடிகளுக்குத் தாக்குதல் பலம் ஏறும். அது கரைஞ்சதும் பழையபடி வெட்டு, குத்து. இந்தச் சில நொடிக்காக நாம அடகு வைக்கறது மூணு.

முதல்ல மூச்சு. ஓடின படை களைக்கும், களைச்ச படை மோசமாச் சண்டை போடும், சீக்கிரம் ஓட்டம் பிடிக்கும். ரெண்டாவது வரிசை. ஓடும்போது வேகமா இருக்கற யூனிட் முன்னாடி, மெதுவா இருக்கறது பின்னாடின்னு படை பல் போன சீப்பு மாதிரி ஆயிடும். மூணாவதுதான் முக்கியம்: கட்டுப்பாடு. முட்டின படையைத் திரும்பக் கூப்பிடுறது அவ்வளவு சுலபமில்லை. முதுகைக் காட்டினா வெட்டு விழும். அதாவது, பாய விட்ட படை இனிமே நம்ம கையில இல்லை. வில்லுல இருந்து விட்ட அம்புதான்.

'மவுண்ட் அண்ட் பிளேடு: வார்பேண்ட்' ஆடினவங்களுக்கு இது இன்னும் நல்லாப் புரியும். எஃப்1, எஃப்3 தட்டினா மொத்தக் கூட்டமும் "ஹோ"ன்னு ஓடும். அதுவரைக்கும் அது படை. அதுக்கப்புறம் தேர்த்திருவிழா.

அப்போ நிக்கிறதுக்குச் செலவே இல்லையா? இருக்கு. அதுதான் நாம மறக்கறது. நிக்கிறவன் நேரத்தைச் செலவழிக்கிறான். அந்த நேரம் யாருக்கு லாபம்ங்கிறதுதான் கேள்வி. எதிரிகிட்ட வில் இருந்து என்கிட்ட இல்லைன்னா, ஒவ்வொரு நிமிஷமும் அவன் கணக்குல வரவு, என் கணக்குல பற்று.

சீசர் வெர்சஸ் பாம்பி

"இதெல்லாம் கேம், நிஜப் போர்ல வேற"ன்னு சொல்றவங்களுக்காக. இந்தப் பஞ்சாயத்து 2000 வருஷத்துக்கு மேல பழசு. கி.மு. 48 ஆகஸ்ட் மாசம், கிரேக்க நாட்டு ஃபார்சலஸ் சமவெளி. ஒரு பக்கம் சீசர், இன்னொரு பக்கம் பாம்பி. ரெண்டு பேருமே ரோமானியர்கள், ஒரே மாதிரி ஆயுதம், ஒரே மாதிரிப் பயிற்சி. சீசரே எழுதின கணக்குப்படி அவர்கிட்ட 22,000 காலாட்கள், 1,000 குதிரைகள். பாம்பிகிட்ட 45,000 காலாட்கள், 7,000 குதிரைகள். (ஜெயிச்சவர் எழுதின கணக்கு, கொஞ்சம் உப்பு சேர்த்துக்கோங்க.)

பாம்பி தன் காலாட்படைக்குப் போட்ட உத்தரவு: யாரும் நகரக் கூடாது, நின்ன இடத்துல நின்னு தாக்குதலை வாங்கணும். காரணமும் சரியாத்தான் இருந்தது. சீசர் ஆட்கள் வழக்கத்தை விட ரெண்டு மடங்கு தூரம் ஓடி வரணும், மூச்சு வாங்கும், வரிசை கலையும். நான் மேட்டுல நின்னு போட்ட அதே கணக்கு!

சீசர் ஆட்கள் ஓடி வந்தாங்க. பாதி வழியில பார்த்தா எதிரி அசையலை. என்ன செஞ்சாங்க தெரியுமா? யாரும் சொல்லாமலே நின்னுட்டாங்க. மூச்சு வாங்கிகிட்டு, வரிசையைச் சரி பண்ணிகிட்டு, மறுபடி ஓடி, ஈட்டியை எறிஞ்சு, வாளை உருவினாங்க. பழந்தின்னு கொட்டை போட்ட வீரர்கள். பாம்பியின் கணக்கு அந்த ஒரு நிமிஷத்துல அவுட்.

சீசர் தன் புத்தகத்துல பாம்பியைக் குறை சொல்றார். மனுஷனுக்கு இயல்பா ஒரு வேகம் இருக்கு, சண்டையில அது பத்திக்கும், தளபதி அதை ஊதிப் பெருசாக்கணுமே தவிர அணைக்கக் கூடாதுன்னு. இதைப் படிச்சுட்டுத்தான் நிறைய பேர் "பார்த்தியா, பாயறதுதான் சரி"ன்னு கிளம்பறாங்க.

ஆனா முழுக் கதையையும் படிச்சா வேற ஒண்ணு தெரியும். நின்ன பாம்பி படை அந்தப் பாய்ச்சல்ல உடையலை. வாங்கி, தாங்கி, திருப்பி ஈட்டி எறிஞ்சு, வாளெடுத்துச் சண்டை போட்டது. இதையும் சீசரேதான் எழுதறார். போர் முடிவானது பக்கவாட்டுல. பாம்பியின் குதிரைகள் சுத்தி வரும்னு எதிர்பார்த்து, சீசர் தன் மூணாவது வரிசையிலிருந்து ஆள் எடுத்து நாலாவதா ஒரு வரிசையைத் தனியா நிறுத்தி வெச்சிருந்தார். குதிரைகள் வந்ததும் அந்த வரிசை பாய்ஞ்சது. குதிரைகள் ஓடிப் போச்சு. அதே வேகத்துல அவங்க பாம்பி படையின் பின்பக்கம் போய் விழ, அதுவரைக்கும் சும்மா நின்னுகிட்டு இருந்த மூணாவது வரிசையையும் சீசர் முன்னாடி அனுப்பினார். அப்போதான் உடைஞ்சது.

கவனிங்க. போரை ஜெயிச்சுக் கொடுத்த பாய்ச்சல், அதுவரைக்கும் நிக்க வெச்ச ஆட்களோடது. நிக்கிறதும் பாயறதும் ரெண்டு கட்சி இல்லை. ஒரே திட்டத்தோட முன்பாதி, பின்பாதி. சீசர் எதுக்காகக் காத்திருக்கார்னு அவருக்குத் தெரியும்: குதிரை சுத்தி வர்ற நிமிஷம். பாம்பியும் காத்திருந்தார், தன் குதிரை ஜெயிச்சுக் கொடுக்கும்னு. குதிரை தோத்ததும்? கையில வேற எதுவும் இல்லை. களத்தை விட்டு முகாமுக்குப் போயிட்டார்.

வள்ளுவர் காலமறிதல்ல சண்டைக்கடா பின்வாங்கறதைப் பத்தி சொல்வார் இல்லையா, அது பயந்து போகலை, முட்டறதுக்குத்தான் போகுதுன்னு. சீசரோட மூணாவது வரிசை அந்தக் கடா. என் ஹாஸ்டல் படை? அது வெறுமனே கட்டிப் போட்ட ஆடு.

இன்னும் மூணு சண்டை

கி.மு. 490, மாரத்தான். ஏதென்ஸ்காரங்க பாரசீகப் படைக்கு எதிர்ல பல நாள் அசையாம இருந்தாங்க. அப்புறம் ஒரு நாள் ஓடியே போய் முட்டினாங்க. எட்டு ஸ்டேடியா தூரம், கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர், ஓடினாங்கன்னு ஹெரோடோட்டஸ் எழுதறார். கனமான கேடயத்தோட அவ்வளவு தூரம் ஓட முடியாது, கடைசியில அம்பு எட்டுற தூரத்தை மட்டும்தான் ஓடியிருப்பாங்கன்னு சொல்ற வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. எனக்கு ரெண்டாவதுதான் நியாயமாப் படுது. எதுவா இருந்தாலும் பாடம் ஒண்ணு: வில்லாளி முன்னாடி நிக்கிறது பாதுகாப்பு இல்லை. அம்பு விழற நிலத்தை எவ்வளவு சீக்கிரம் கடக்கறோமோ அவ்வளவு நல்லது.

1066 அக்டோபர் 14, ஹேஸ்டிங்ஸ். இது நேர் எதிர். ஹரால்டு ராஜா குன்று மேல கேடயச் சுவர் கட்டி நின்னார். காலையில ஆரம்பிச்ச சண்டை, நார்மன் வில்லும் குதிரையும் மாத்தி மாத்தி வந்து மோதியும் சுவர் நின்னது. இங்கே நிக்கறதுக்கு அர்த்தம் இருந்தது. இருட்டுற வரைக்கும் தாங்கினா, அந்நிய மண்ணுல வந்து மாட்டினவன் வில்லியம்தான். ஆனா நார்மன்கள் பின்வாங்கினப்போ (நிஜமாவோ, நடிச்சோ) சுவர்ல இருந்த சிலர் "ஓடறான்டா, பிடி"ன்னு கீழே இறங்கித் துரத்தினாங்க. சமவெளியில குதிரை திரும்பி வந்து அவங்களை வெட்டிப் போட்டது. சுவர் மெலிஞ்சுது. சாயங்காலத்துக்குள்ள ராஜாவும் போயாச்சு, ராஜ்யமும் போயாச்சு. நம்ம கேம்ல கார்டு மோடு பட்டன் எதுக்குன்னு யாராவது கேட்டா இந்தக் கதையைச் சொல்லுங்க.

கி.மு. 197, கைனாஸ்கெஃபாலே. மாசிடோனிய ராஜா ஐந்தாம் பிலிப். நீள ஈட்டி பேலன்க்ஸ், முன்னாடி இருந்து எவனும் நெருங்க முடியாது. ஆனா அன்னைக்கு அவர் படையில வலது பாதிதான் முகட்டுல தயாரா இருந்தது. இடது பாதி இன்னும் மேட்டுல ஏறிகிட்டு இருந்தது. பொறுக்க முடியாம வலது பாதியை இறக்கி விட்டார். அது ரோமானியர்களைத் தள்ளிகிட்டே போச்சு. சூப்பர்! ஆனா அதே நேரம் வரிசையே அமைக்காத இடது பாதி மேல ரோமானியர்கள் யானையோட வந்து விழுந்தாங்க. அந்தப் பக்கம் ஜெயிச்சதுல ஒரு அதிகாரி இருபது மேனிப்பிள்களை (அவங்க ஊர் சின்னப் படைப்பிரிவு) திருப்பி, ஜெயிச்சுகிட்டு இருந்த பேலன்க்ஸோட முதுகுல போய் அடிச்சார். நீள ஈட்டியைத் தூக்கிகிட்டு பின்னாடி திரும்ப முடியுமா? கதை முடிஞ்சது. பாய்ச்சல் ஜெயிச்சது, படை தோத்தது.

அதனால சொல்ல வர்றது

யூனிட்டுக்கு கிளிக் பண்றதுக்கு முன்னாடி நான் இப்போ கேட்டுக்கிற கேள்விகள் நாலு.

1. நேரம் போனா யாருக்கு லாபம்? எனக்குன்னா நில்லு. அவனுக்குன்னா நட.

2. நான் எதுக்காகக் காத்திருக்கேன்? "குதிரை பின்பக்கம் போய்ச் சேர", "அவன் ஈட்டி வரிசை திரும்ப", "பின்னாடி வர்ற என் படை வந்து சேர" மாதிரி ஒரு பதில் இருக்கணும். "பார்ப்போம்"ங்கிறது பதில் இல்லை.

3. பாய்ஞ்சவன் தோத்தா யார் தாங்குவாங்க? பின்னாடி ரெண்டு யூனிட்டாவது அசையாம நிக்கணும். எல்லாரையும் செலக்ட் பண்ணி டபுள் கிளிக் பண்ற கை, உடைக்கப்பட வேண்டிய கை.

4. எவ்வளவு தூரம்? பெரும்பாலான தூரத்தை நடந்து கடக்கலாம். அம்பு விழற இடத்துல ஆட்களை விலகி நடக்க விட்டு, கிட்டப் போனதும் நெருக்கமா மாத்தி, கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டம். எதிரி நீள ஈட்டியை நீட்டிகிட்டு நேர்ல நின்னா அதுவும் வேண்டாம், பக்கவாட்டுக்குப் போ.

இதுல ரெண்டாவது கேள்விதான் என் கட்சி. நிக்கிறதுக்கு ஒரு முடிவு தேதி இருக்கணும். தேதி போடாத காத்திருப்பு பொறுமை இல்லை, முடிவெடுக்கப் பயம். அதுக்குப் பொறுமைன்னு பேர் வெச்சுக்கிட்டா நமக்கே நம்மைக் கண்டுபிடிக்க முடியாது. வேலையில நாலு வருஷம் ஒரே ப்ராஜெக்ட்ல, பிடிக்காம, "சரியான நேரம் வரட்டும்"னு நான் மேடு பிடிச்சு நின்னது தனிக்கதை. எந்த நேரம், எது வரணும்னு ஒரு தடவை கூட எழுதி வெச்சதில்லை. அம்பு மட்டும் வந்துகிட்டே இருந்தது. மதுரைக்காரன் ஒரு நாள் போன்ல, "இன்னும் மேட்டுலதான் நிக்கிறியாடா?"ன்னு கேட்டான். அடுத்த வாரம் ரெஸ்யூமைத் தூசி தட்டினேன். ஓடலை. நடந்துதான் போனேன். கையில இன்னொரு வேலை வந்த பிறகுதான் பேப்பர் போட்டேன், அதுதான் என் பின்வரிசை. சரி, அது வேற பதிவு.

"இவ்வளவு யோசிச்சா கேம்ல ஜாலி என்னடா இருக்கு?"ன்னு கேட்கலாம். நியாயம்தான். எஃப்1, எஃப்3 தட்டிட்டு நாமளும் வாளை உருவிகிட்டு கூட ஓடற சுகமே தனி. கம்ப்யூட்டரை எதிர்த்துன்னா தாராளமா ஓடுங்க. எதிர்ல இருக்கறது முறுக்கு கடிச்சுகிட்டு காத்திருக்கற மனுஷன்னா மட்டும் ஒரு நிமிஷம் யோசிங்க.

கொசுறு: அந்தப் பழைய கேம் 2021-ல ரீமாஸ்டர்டு ஆகி மறுபடி வந்தது. நான் சென்னை, அவன் பெங்களூரு. பழைய கணக்கைத் தீர்த்துக்கலாம்னு மறுபடி ஆடினோம். அதே ரோம், அதே எகிப்து. முதல் ஆட்டத்துல அம்பு விழ ஆரம்பிச்சதுமே விலகி நடந்தேன், கடைசியில மட்டும் ஓடினேன், பின்னாடி நிறுத்தி வெச்ச ட்ரையாரி ஈட்டிக்காரங்க அவன் குதிரையைப் பிடிச்சாங்க. ஜெயிச்சேன்!

ரெண்டாவது ஆட்டத்துல அவன் நடுவரிசை உடைஞ்சு ஓடிச்சு. சந்தோஷத்துல எல்லாரையும் செலக்ட் பண்ணி டபுள் கிளிக் பண்ணித் துரத்தினேன். மேட்டுக்குப் பின்னாடி அவன் குதிரை நின்னுகிட்டு இருந்தது.

ஹரால்டு ராஜா மன்னிக்கணும். மூணாவது ஆட்டம் பாக்கி இருக்கு. தேதி போட்டாச்சு.